காகிதமில்லாத பத்திரிகைகள்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பிக் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்த சமயத்தில், வாசலில் யாரோ கனைக்கும் சப்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். பத்து வருஷங்களுக்கு முன்னால் நம்மிடம் படித்த பையன் ஒருவனுடைய தகப்பனார் நின்றுகொண்டிருந்தார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆனவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. முகத்தில் ஒரு கூடை கவலை இருந்தது.

"சார், ஒரு யோசனை கேட்க வந்தேன். பையன் பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருந்தான். அதை உதறிவிட்டு, இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து பத்திரிகை நடத்தப் போகிறானாம். காகிதம் கிடையாதாம், அச்சுக்கூடம் கிடையாதாம், எல்லாம் செல்போனிலேயேயாம். அதற்கு என்னிடம் ஐந்து லட்சம் ரூபாய் கேட்கிறான். ஓய்வுபெற்றபோது வந்த பணம் இருக்கிறது. கொடுக்கலாமா, கூடாதா? அவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். ஆகையால் பதிலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

நாம் சொல்லிக் கொடுத்த தமிழ் இப்படி ஒரு நாள் ஐந்து லட்சம் ரூபாய்க் கேள்வியாகத் திரும்பி வரும் என்று நாம் எதிர்பார்த்ததில்லை. அவரிடம் ஒரு மாதம் தவணை கேட்டுக்கொண்டோம். அந்த ஒரு மாதத்தில் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே வாசகர்கள் முன் வைக்கிறோம். ஏனெனில் இது அந்த ஒரு வீட்டின் கேள்வி மாத்திரம் அல்ல. இன்று நம் வீடுகளில் பொழுது விடிந்ததும் வாசலுக்குப் போய்ப் பத்திரிகையை எடுப்பவர்களைக் காட்டிலும், தலையணைக்கடியிலிருந்து செல்போனை எடுப்பவர்களே அதிகம். அந்தப் போனில் வரும் சமாசாரத்தை யார் எழுதுகிறார்கள், அவர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒன்றே முக்கால் ரூபாய் மூலதனம்

முதலில் ஒரு பழைய கதை. கதையென்றாலும் நடந்த கதை.

1878-ஆம் வருஷத்தில் சென்னை ஹைகோர்ட்டில் டி. முத்துசாமி ஐயர் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் இதைக் கண்டு முகஞ்சுளித்தன. திருவல்லிக்கேணியில் இருந்த ஆறு வாலிபர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களில் இருவர், ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும், நம்மைப் போன்ற உபாத்தியாயர்கள். மற்ற நால்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா, அதாவது ஒன்றே முக்கால் ரூபாய், கடன் வாங்கினார்கள். 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி 80 பிரதிகள் அச்சாகி வெளிவந்தன. அதுதான் 'ஹிந்து' பத்திரிகை. 1882-இல் அதே சுப்பிரமணிய ஐயர் தமிழில் 'சுதேசமித்திர'னையும் ஆரம்பித்தார்.

இன்றைய பாஷையில் சொன்னால், அந்த ஆறு பேரும் ஆரம்பித்தது ஒரு 'ஸ்டார்ட்-அப்' கம்பெனி. மனத்தில் ஒரு எண்ணம், கையில் சொற்பப் பணம், வயதில் இளமை: இந்த மூன்றும் சேர்ந்தால் அன்றும் இன்றும் அதற்குப் பெயர் ஒன்றுதான். ஆனால் கதையின் பின்பாதியையும் மறக்கக் கூடாது. வாரப் பத்திரிகையாக இருந்த 'ஹிந்து' தினசரியாவதற்குப் பதினொரு வருஷம், 1889 வரையில், ஆயிற்று. அதற்குப் பிறகும் பணக் கஷ்டம் தீரவில்லை. 1905-இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு அதை வாங்கி நிலைநிறுத்த வேண்டியிருந்தது. பத்திரிகையைத் தொடங்க ஒன்றே முக்கால் ரூபாய் போதுமாயிருந்தது. நிலைநிற்கவோ இருபத்தேழு வருஷங்கள் போதவில்லை.

கதவு திறந்த விதம்

அன்று பத்திரிகை நடத்துவதற்கு அச்சு யந்திரம் வேண்டும், காகிதம் வேண்டும், கட்டுக் கட்டாக ரயிலேற்ற வேண்டும், ஊருக்கு ஊர் ஏஜெண்டு வேண்டும். ஏஜெண்டு பணம் அனுப்புவதற்கு அவர் மனமும் வேண்டும்! இந்தச் செலவுகள் அத்தனையும் இப்போது ஏறக்குறைய மறைந்துவிட்டன.

2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி தன் சேவையை ஆரம்பித்தது. அதற்கு முன் ஒரு ஜிபி டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்குச் சில வருஷங்களிலேயே அது பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கலாயிற்று. ஒரு வேளைக் காப்பியின் விலையைவிட அது குறைவு. அதே 2016 ஜனவரியில் மத்திய சர்க்கார் 'ஸ்டார்ட்-அப் இந்தியா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதே வருஷத்தில் யூபிஐ என்னும் பணப் பரிவர்த்தனை முறையும் வந்தது. முன்பு சந்தா கட்ட மணியார்டர் பாரம் நிரப்பித் தபாலாபீஸில் கால்கடுக்க நின்றோம். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே பத்து ரூபாயானாலும் அனுப்பிவிடலாம். எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் நடுவே இருந்த சுவர் இடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

அந்த வழியாக எத்தனையோ கம்பெனிகள் உள்ளே வந்துவிட்டன. எனினும் அவை யாவும் ஒரே ஜாதி அல்ல. அவை பிழைக்கும் வழியைக் கொண்டு இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முருங்கை வழி

முதல் வகைக்கு உதாரணம் 'டெய்லிஹண்ட்'. 2009-இல் 'நியூஸ்ஹண்ட்' என்ற பெயரில் அது பிறந்தது. இந்திய எழுத்துக்களைச் சரியாகக் காட்டத் தெரியாத போன்களிலும் தமிழையும் ஹிந்தியையும் படிக்கும்படி செய்ததே அதன் முதல் சாமர்த்தியம். 2012-இல் வீரேந்திர குப்தாவின் 'வெர்ஸே' கம்பெனி அதை வாங்கிற்று. பல பத்திரிகைகளின் செய்திகளை ஒரே இடத்தில் திரட்டி, பல இந்திய பாஷைகளில், வாசகரிடம் காசு வாங்காமல் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் அந்தக் கம்பெனிக்கு 80 கோடி டாலருக்கு மேல் மூலதனம் வந்தது. கம்பெனியின் மதிப்பு சுமார் 500 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. அந்தப் பணம் கொடுத்தவர்களில் கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்து உபாத்தியாயர்களின் ஓய்வூதிய நிதியும் ஒன்று. கடல் கடந்த உபாத்தியாயர்களின் சேமிப்பு நம் ஊர்ச் செய்திக் கம்பெனிக்கு வந்து சேர்ந்திருப்பதைப் படித்தபோது, வாழைப்பழத்துடன் வந்த தகப்பனாரை நினைத்துக்கொண்டோம்.

இன்னோர் உதாரணம் 'ஷேர்சாட்'. கான்பூர் ஐஐடியில் படித்த மூன்று வாலிபர்கள் 2015-இல் ஆரம்பித்தது. ஆங்கிலம் தெரியாத ஜனங்கள் தங்கள் பாஷையிலேயே படமும் பாட்டும் பேச்சும் பகிர்ந்துகொள்ள இடம் அமைத்தார்கள். அந்த எண்ணம் மெச்சத் தக்கதே. 2020 ஜூன் மாதக் கடைசியில் சர்க்கார் டிக்டாக்கைத் தடைசெய்தபோது, சில தினங்களுக்குள்ளாகவே 'மோஜ்' என்ற செயலியை இவர்கள் வெளியிட்டுவிட்டார்கள். 2022-இல் இந்தக் கம்பெனியின் மதிப்பும் சுமார் 500 கோடி டாலர் என்றார்கள்.

இவ்வளவு பணம் கொடுக்கிறவர்கள் எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறார்கள்? கடன் கொடுப்பவன் வட்டி கேட்பான். இவர்கள் வட்டி கேட்பதில்லை. கம்பெனியில் பங்கு கேட்கிறார்கள். அந்தப் பங்கைச் சில வருஷங்களுக்குள் பல மடங்கு விலைக்கு விற்றுவிட்டு வெளியேற வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பத்துக் கம்பெனிகளில் பணம் போட்டால் பெரும்பாலானவை முழுகிப் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒன்றிரண்டு ஆகாயத்தில் எழும்பினால் போதும், போட்டதெல்லாம் மீண்டுவிடும். ஆகையால்தான் "வளர், வளர்" என்று விரட்டுகிறார்கள். முருங்கையைப் போல் ஆறு மாதத்தில் கூரையை எட்ட வேண்டும். பனையைப் போல் பொறுத்து வளர்கிறவனுக்கு அங்கே இடமில்லை.

ஆனால் ஆடிக் காற்றில் முதலில் முறிவது முருங்கைதான். 2022-இல் மேனாடுகளில் வட்டி விகிதம் ஏறியதும் மூலதன வெள்ளம் வற்றத் தொடங்கிற்று. 2023 ஜனவரியில் ஷேர்சாட் தன் சிப்பந்திகளில் ஐந்தில் ஒரு பங்கினரை வீட்டுக்கு அனுப்பியது. டெய்லிஹண்டை நடத்தும் கம்பெனிக்கு 2021-22, 2022-23 ஆகிய இரண்டு கணக்காண்டுகளிலும் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். படிக்கிறவர்களின் தொகை கோடிக் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. நஷ்டமும் கோடிக் கணக்கிலேயே இருந்தது.

மேனாட்டில் இந்தப் பாடம் இன்னும் கொடுமையாக நடந்தது. நியூயார்க்கில் 2006-இல் தோன்றிய 'பஸ்ஃபீட்' கம்பெனியைப் பார்த்து உலகமே வியந்தது. அதன் செய்திப் பிரிவு 2021-இல் புலிட்சர் பரிசும் பெற்றது. அந்தச் செய்திப் பிரிவை 2023-இல் மூடிவிட்டார்கள். 'வைஸ்' என்ற கம்பெனியின் மதிப்பு 2017-இல் 570 கோடி டாலர்; 2023 மே மாதம் அது கோர்ட்டில் பாப்பர் மனுப் போட்டது; கடைசியில் கடன்காரர்களே சேர்ந்து அதை 35 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வாடகை வீட்டில் விருந்து

இந்த வீழ்ச்சிக்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. இக்கம்பெனிகள் தங்கள் வாசகர்களைச் சொந்த வீட்டில் சந்திக்கவில்லை. ஃபேஸ்புக், கூகுள் முதலிய பெரிய முதலாளிகளின் வாடகை வீட்டில் சந்தித்தன. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், இனி உறவினர், சிநேகிதர்களின் பேச்சுக்கே முதலிடம், பத்திரிகைகளுக்குப் பிறகுதான், என்று தன் முறையை மாற்றிற்று. அதன் பிறகு பல பத்திரிகைகளின் வாசலில் கூட்டம் குறைந்தது. வீட்டுக்காரர் மாடிப்படியை எடுத்துவிட்டால் மாடியில் குடியிருப்பவன் என்ன செய்வான்?

தமிழில் தோன்றும் புது முயற்சிகளில் மிகுதியும் யூட்யூப் சானல்களாகவே இருப்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அங்கேயும் இதே நியாயந்தான். ஒரு நீண்ட வீடியோவுடன் வரும் விளம்பரத்துக்கு நூறு ரூபாய் வந்தால், 45 ரூபாயை யூட்யூப் எடுத்துக்கொண்டு 55 ரூபாயைச் சானல்காரருக்குக் கொடுக்கிறது. அந்த 55 ரூபாயும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தே வரும். பார்த்தவர்களுக்கு அதனால் பிரயோஜனம் உண்டா என்பதைப் பொறுத்து அல்ல. வாய்க்கால் தூர்ந்ததைப் பற்றி மூன்று நாள் அலைந்து விசாரித்து எழுதிய செய்திக்கும், ஒரு நடிகையின் மூக்குத்தியைப் பற்றி மூன்று நிமிஷத்தில் புனைந்த வதந்திக்கும் ஒரே தராசு. அந்தத் தராசில் எப்போதும் மூக்குத்தியே கனமாயிருக்கிறது. "அதிர்ச்சி!", "கதறி அழுத பிரபலம்!" என்று நம் போன்களில் வரும் தலைப்புக்களைப் பார்த்து, இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தியில்லையா என்று கோபித்துக்கொள்கிறோம். அவர்களுக்குப் புத்தி உண்டு, வாடகையும் உண்டு.

பனை வழி

இனி இரண்டாவது வகை. இவர்கள் வாசகரிடமே சந்தா கேட்கிறவர்கள்.

டில்லியில் 2012-இல் தோன்றிய 'நியூஸ்லாண்டிரி' விளம்பரம் வாங்காமல் சந்தாவைக் கொண்டு நடக்கிறது. பெங்களூரில் 2014-இல் தன்யா ராஜேந்திரனும், போஃபர்ஸ் பீரங்கி ஊழலை வெளிக்கொணர்ந்த சித்ரா சுப்பிரமணியமும், விக்னேஷ் வெல்லூரும் சேர்ந்து ஆரம்பித்த 'நியூஸ் மினிட்', தென்னாட்டு மாகாணங்களின் செய்திகளுக்கென்றே ஏற்பட்டது; அதுவும் இப்போது வாசகரின் சந்தாவை நாடுகிறது. 2016-இல் பெங்களூரில் தோன்றிய 'தி கென்' நாளுக்கு ஒரே ஒரு நீண்ட கட்டுரை என்ற விரதத்துடன் ஆரம்பித்து, அதற்குப் பணம் கொடுக்கும் வாசகர்களைத் தேடிக்கொண்டது.

2024-இல் தேர்தல் பத்திர விஷயம் வந்தபோது இந்தச் சிறு கம்பெனிகள் செய்த காரியம் நினைவில் வைக்கத் தக்கது. பிப்ரவரி 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் திட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் பத்திரங்களின் ஜாபிதா வெளியாயிற்று. எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று ஆயிரக்கணக்கான வரிகளை ஒத்துப் பார்ப்பது ஓர் ஆபீஸால் ஆகிற வேலை அல்ல. நியூஸ்லாண்டிரி, நியூஸ் மினிட், ஸ்க்ரோல் என்னும் மூன்று கம்பெனிகளும், போட்டியாளர்கள் என்பதை மறந்து, தங்கள் நிருபர்களை ஒன்றாக உட்காரவைத்து அந்த வேலையைச் செய்தன. சந்தா கொடுத்தவர்களுக்குத் தங்கள் பணம் எங்கே போயிற்று என்பது அன்று தெரிந்திருக்கும்.

பிரான்ஸ் தேசத்தில் 2008-இல் 'மீடியாபார்' என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது, இணையத்தில் எல்லாம் இனாமாகக் கிடைக்கையில் யார் மாதம் 9 யூரோ கொடுப்பார்கள் என்று பலரும் சிரித்தார்கள். விளம்பரம் ஒன்றுகூட வாங்கவில்லை. 2012 டிசம்பரில், வரி ஏய்ப்பை ஒழிக்க வேண்டிய பட்ஜெட் மந்திரியே ஸ்விட்ஜர்லாந்தில் ரகசியக் கணக்கு வைத்திருந்தார் என்பதை அது வெளியிட்டது. சில மாதங்களில் அவர் பதவி விலகிக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். சிரித்தவர்களின் வாய் மூடிற்று. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் அதற்குச் சேர்ந்தார்கள்.

இந்த வழியிலும் குறையில்லாமல் இல்லை. வளர்ச்சி மெதுவானது. பணம் கொடுக்க முடியாத ஏழைக்குச் செய்தி எட்டாமற் போகலாம். மேலே சொன்ன நம் தேசத்துக் கம்பெனிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகின்றன. கிராமத்து ஜனங்களின் பாஷையில் எழுதுவதற்கு வேறு துணிச்சல் வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூடத்தில் 2002-இல் கிராமத்துப் பெண்கள் சிலர் புந்தேலிப் பாஷையில் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார்கள். பிற்பாடு காகிதத்தை விட்டுச் செல்போனுக்கு வந்தார்கள். அவர்களைப் பற்றிய படம் 2022-இல் ஆஸ்கார் பரிசுக்குச் சிபாரிசு பெற்றது. அவர்கள் எழுதுவது பெரும்பாலும் தண்ணீர்க் குழாய், ரஸ்தா, ஆஸ்பத்திரி இவற்றைப் பற்றியே.

மூன்று கேள்விகள்

தவணை முடிந்து ஆவணி பிறந்தது. தகப்பனாரும் பையனுமாக வந்தார்கள். கொடுங்கள் என்றோ, கொடுக்காதீர்கள் என்றோ நாம் சொல்லவில்லை. பையனைப் பழையபடி பெஞ்சியில் உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேட்டோம்.

ஒன்று: உன் பத்திரிகைக்குப் பணம் கொடுப்பவர் யார்? விளம்பரக்காரரா, முதலீட்டாளரா, வாசகரா? எவர் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் நீ எழுதுவாய்.

இரண்டு: வாசகரின் விலாசம் யார் கையில் இருக்கிறது? உன் கையிலா, அமெரிக்கக் கம்பெனியின் கையிலா?

மூன்று: எத்தனை சந்தாதாரர்கள் சேர்ந்தால் உங்கள் மூவருக்கும் சாப்பாட்டுக்குக் காணும்?

மூன்றாவது கேள்விக்குக் கரும்பலகையிலேயே கணக்குப் போட்டான். ஆளுக்கு 20,000 ரூபாய் சம்பளம். பிரயாணம், கம்ப்யூட்டர், இதர செலவு 20,000. ஆக மாதம் 80,000. சந்தா மாதம் நூறு ரூபாய் என்றால் 800 பேர் வேண்டும். "இந்த ஒரு ஜில்லாவில் 800 பேர் கிடைக்க மாட்டார்களா, சார்?" என்றான். பரீட்சையில்கூட அவன் இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டதில்லை. முதல் இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் பதிலிலேயே விடை அடங்கியிருந்தது. எட்டுக் கோடித் தமிழர்களையும் ஒரே நாளில் பிடிப்பதாக இருந்த திட்டம், எண்ணூறு பேரை ஒவ்வொருவராகச் சேர்ப்பதாகச் சுருங்கிற்று. சுருங்கியதும் அதற்கு உருவம் வந்துவிட்டது.

தகப்பனார் ஐந்து லட்சம் கொடுக்கவில்லை. இரண்டு லட்சம் கொடுத்தார். நானூறு சந்தாதாரர்கள் சேர்ந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றார். அவரும் சர்க்கார் உத்தியோகத்தில் கணக்குப் பார்த்தவர்தானே!

பத்திரிகை கார்த்திகையில் ஆரம்பமாயிற்று. ஏரி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஞ்சாயத்துக் கணக்கு என்று ஒரு ஜில்லாவின் செய்திகள் தினமும் காலையில் வருகின்றன. அது நிலைக்குமா என்று இன்று சொல்வதற்கில்லை. நானூறுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதை நிலைக்கவைப்பது அந்த மூன்று பையன்களின் கையில் பாதிதான். மற்றப் பாதி நம்மைப் போன்ற வீடுகளின் கையில். மாதம் நாலு தடவை ஹோட்டலில் காப்பி குடிக்கும் பணத்தில், எழுதுகிறவனை விளம்பரக்காரனிடமிருந்து மீட்டுவிடலாம்.

நாமும் சந்தா கட்டினோம். நமது ரசீதின் எண் 37. எண் 1 யாருடையது என்று பையனைக் கேட்டோம். அவனுடைய தகப்பனாருடையதாம். இரண்டு லட்சம் போட்டவருக்கு இனாமாக அனுப்புகிறோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்களாம், அவர் கேட்கவில்லை. மாதம் தவறாமல் நூறு ரூபாய் கட்டியே படிக்கிறார்.